பிக்கப்பியல்: கீரனூர் வட்டாரத்து ஸ்டாக் வண்டிகளை முன்வைத்து ஓர் ஆய்வு

புதுக்கோட்டைப் பக்கமும் ஒரு கீரனூர் உண்டு. இவ்வாய்வின் களம் அதுவன்று. திண்டுக்கல் மாவட்டத்தில், பழனியிலிருந்து தாராபுரம் போகும் வழியில் இருக்கும் பேரூராட்சியே ஈண்டுக் கீரனூர் எனப்படுவது. நாவலாசிரியர் கீரனூர் ஜாகிர்ராஜாவின் புண்ணியத்தில் இவ்வூர் இலக்கியத்துக்குள் எப்போதோ வந்துவிட்டது. மீன்காரத் தெருவுக்கு ஒரு நாவல் கிடைத்திருக்க, சாயங்காலமானால் கடைவீதியைக் கிழித்துக்கொண்டு போகும் சைலன்சர்களுக்கு முறையான ஓர் ஆய்வு கிடைக்கவில்லையே என்ற ஆதங்கமே இக்கட்டுரையின் தோற்றுவாய். ஆய்வேட்டுக்குரிய இலக்கணப்படி இதில் கருதுகோள் உண்டு, கள ஆய்வு உண்டு, மறுப்பும் விடையும் உண்டு. நிதி நல்கை மட்டும் இல்லை.

ஆய்வுச் சிக்கல் பின்வருமாறு. வாசலில் தவணை முடியாத ஸ்போர்ட்ஸ் பைக் ஒன்று நிற்கிறது. சட்டைப் பையில் பத்தாயிரம் ரூபாய் இருக்கிறது. தம்பிக்குப் பிக்கப் பற்றவில்லை. இந்தப் பத்தாயிரத்தை வண்டியின் எந்த உறுப்பில் போட்டால் வண்டி மெய்யாகவே விரையும்?

மாதிரியாக யமஹா ஆர்15 கொள்ளப்பட்டது. 2008-இல் இந்தியாவில் இறங்கியபோது 149.8 சிசி, 17 குதிரை. தண்ணீரால் குளிரும் என்ஜின், நான்கு வால்வு. 2021-இல் வந்த நான்காம் பதிப்பில் 155 சிசி, 10,000 சுற்றில் 18.4 குதிரை, எடை 142 கிலோ. கல்லூரி வாசல், கல்யாண மண்டபம், தோட்டத்து மோட்டார் ரூம் என்று எங்கும் தட்டுப்படுவதால் மாதிரி சேகரிக்க அலைச்சல் இல்லை. ஓசூர் அப்பாச்சி ஆர்ஆர் 310-ஓ பஜாஜ் ஆர்எஸ்200-ஓ வைத்திருப்பவர்கள் எண்களை மட்டும் மாற்றிக்கொள்க, துயரம் ஒன்றே.

இனிக் கோட்பாடு. அகத்திணைக்கு முதல், கரு, உரி என்று மூன்று வகுத்தார் தொல்காப்பியர். நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்த நிலத்தில் காணும் தெய்வம், உணவு, விலங்கு, பறை முதலானவை கருப்பொருள். உள்ளத்தில் நடப்பது உரிப்பொருள். மேலைநாட்டுக் கோட்பாடு எதையும் இறக்குமதி செய்யாமலே பிக்கப்பியலுக்கு இது அப்படியே பொருந்துகிறது. சாலை, காற்று, வெயில் ஆகியன முதல். ஸ்பிராக்கெட், ஃபில்டர், பிளக், டயர் ஆகியன கரு. சைலன்சர் இத்திணையின் பறை. டீக்கடையில் இருப்பவர்கள் ஒருமுறை திரும்பிப் பார்க்க வேண்டும் என்ற தவிப்பு உரி.

கருப்பொருள்

பறையிலிருந்து தொடங்குவோம். ‘சைலன்சர் மாத்துனா பிக்கப் ஏறும்’ என்பது தமிழகமெங்கும் வழங்கும் ஆப்த வாக்கியம். இதை மூடநம்பிக்கை என்று தள்ளிவிடக் கூடாது; ஒரு காலத்தில் இது மெய்யாக இருந்தது. 1985-இல் வந்து 1996-இல் நின்றுபோன ஆர்எக்ஸ் 100 ஒரு டூ ஸ்ட்ரோக் வண்டி. 98 சிசி, 11 குதிரை. அந்த வகை என்ஜினில் புகையை வெளியே விட வால்வு கிடையாது. புகை போகும் துவாரம் திறந்திருக்கும்போதே புதுக் கலவையும் உள்ளே வரும். வந்ததில் ஒரு பகுதி புகையோடு சேர்ந்து நழுவப் பார்க்கும். குழாயின் வயிற்றை அகட்டி வாலைக் குறுக்கினால், வெளியே போன அழுத்த அலை முட்டித் திரும்பி வந்து, நழுவிய கலவையை மறுபடி சிலிண்டருக்குள்ளேயே தள்ளிவிடும். ஆக, டூ ஸ்ட்ரோக்கில் குழாயின் வடிவமே பாதி என்ஜின்.

இந்த வித்தையை 1950-களில் கிழக்கு ஜெர்மனியின் எம்ஸெட் கம்பெனியில் பக்குவப்படுத்தியவர் வால்டர் காடன் என்ற பொறியாளர். அவருடைய பந்தய வீரர் எர்ன்ஸ்ட் டெக்னர் 1961-இல் ஸ்வீடனுக்குப் போட்டிக்குப் போனவர் திரும்பவில்லை. மேற்குப் பக்கம் தப்பிப் போய், கற்றதையெல்லாம் ஜப்பானின் சுஸுகியிடம் ஒப்படைத்தார். மறு வருஷமே 50 சிசி உலகப் பட்டத்தை சுஸுகி வண்டியில் டெக்னரே வென்றார். ஆர்எக்ஸ் காலத்துப் பட்டறைகளில் குழாயை அறுத்து ஒட்டிய நம்மூர் அண்ணன்கள் தெரிந்தோ தெரியாமலோ பார்த்தது காடன் வேலை. பனிப்போர்க் காலத்து ஒற்றாடல் ஒன்று பழனி வட்டம் வரைக்கும் வந்து சேர்ந்த வரலாற்றைப் பாடப் புத்தகங்கள் ஏன் சேர்க்கவில்லை என்பது தனி ஆய்வுக்குரியது.

ஆனால் தம்பியின் வண்டி ஃபோர் ஸ்ட்ரோக். அதில் வால்வு நேரத்துக்குத் திறந்து நேரத்துக்கு மூடும். குழாய்க்கு அங்கேயும் வேலை உண்டு. அந்த வேலையைக் கம்பெனிக்காரன் முன்னமே முடித்துத்தான் அனுப்பியிருக்கிறான். சைலன்சரின் கடைசிப் பானையை மட்டும் கழற்றி வேறு ஒன்றைச் செருகினால் இந்த அளவு என்ஜினில் ஒரு குதிரை தேறுவதே அரிது. பெட்ரோல் அளவை ஈசியு என்ற மின்னணுப் பெட்டி தீர்மானிப்பதால், அதன் கணக்கையும் சேர்த்துத் திருத்தாவிட்டால் அந்த ஒன்றும் சந்தேகம். அப்பா ஓட்டிய வண்டிக்கான மருந்தை மகன் தன் வண்டிக்குக் கொடுக்கிறான் என்பதே இப்பகுதியின் முடிவு.

சட்டம் இதில் என்ன சொல்கிறது? மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, கம்பெனி கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 திருத்தத்தில் சேர்ந்த 182ஏ பிரிவு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம் என்கிறது. ‘ஒவ்வொரு’ என்பதைக் கவனிக்க. பத்தாயிரத்தில் இரண்டு மாற்றம் செய்தால் அபராதத்துக்கு இன்னொரு பத்தாயிரம் எடுத்துவைக்க வேண்டும். பட்ஜெட் போடும் தம்பிகள் இந்த வரியை எழுதுவதே இல்லை. சில நகரங்களில் போலீசார் பறிமுதல் செய்த சைலன்சர்களை வரிசையாகக் கிடத்தி ரோடு ரோலர் ஏற்றியிருக்கிறார்கள். ஓர் ஆய்வு முடிவு இவ்வளவு கனமாக மதிப்பீடு செய்யப்பட்டது கல்விப் புலத்தில் அபூர்வம்.

ஃபில்டர் பற்றிச் சொல்வதற்கு அதிகம் இல்லை. சிவப்புத் துணி ஃபில்டர்களால் புகழ் பெற்ற கே அண்ட் என் கம்பெனி 1969-இல் கலிபோர்னியாவில் தொடங்கியது. கழுவி, எண்ணெய் பூசித் திரும்பப் போடலாம் என்பது அதன் மெய்யான சிறப்பு. சின்ன என்ஜினில் அது தரும் குதிரையை வால் தெரியும் அளவுக்குத்தான் காண முடிகிறது. இரிடியம் பிளக் நீண்ட நாள் உழைக்கும், அவ்வளவே.

ஸ்பிராக்கெட் வேறு கதை. சில நூறு ரூபாயில் உடனே உணரக்கூடிய மாற்றம் இது ஒன்றுதான். முன்னால் 14 பல், பின்னால் 48 பல் என்று கொள்வோம். முன்னதை 13 ஆக்கினால் ஒவ்வொரு கியரிலும் இழுவை 7.7 விழுக்காடு கூடும். அதே சுற்றில் கிடைக்கும் வேகம் 7 விழுக்காடு குறையும். என்ஜினுக்குக் குதிரை ஒன்றும் கூடவில்லை. இருக்கிற குதிரையை முன்னுக்கு அழைத்தோம். இங்கே ஓர் உளவியல் நுட்பம் உண்டு. வேகத்தைக் கியர்பாக்ஸிலிருந்து அளக்கும் வண்டிகளில், இந்த மாற்றத்துக்குப் பிறகு நிஜ வேகம் 60 என்றால் மீட்டர் 65-ஐக் காட்டும். வண்டி ஓரடி கூடுதலாகப் போகவில்லை. தம்பி மட்டும் ஐந்து கிலோமீட்டர் வேகமாகிவிட்டான். இவ்வளவு சொற்பச் செலவில் இவ்வளவு மனநிறைவு தரும் உதிரிபாகம் வேறில்லை.

பின்னால் உட்காரும் பங்காளியை எதில் சேர்ப்பது? வண்டி 142, தம்பி 75. மொத்தம் 217 கிலோ. பங்காளி 70 கிலோ என்றால் 287. அவரை இறக்கிவிட்டால் ஒரு கிலோவுக்குக் கிடைக்கும் குதிரை 32 விழுக்காடு ஏறுகிறது. புறப்படும் வேகத்தைப் பொறுத்தவரை இது கிட்டத்தட்ட ஆறு குதிரையை என்ஜினில் புதிதாகப் பூட்டியதற்குச் சமம். செலவு இல்லை. சட்டமும் தடுக்காது. உலகத்தில் விற்பனையாகும் எந்தப் பாகமும் இந்த விலைக்கு இந்தப் பலனைத் தரவில்லை என்று ஆய்வாளர் உறுதியாகக் கூறுவார். பங்காளியின் தரப்பு கேட்கப்படவில்லை. இரவுப் புரோட்டாவைத் துறந்து தம்பியே பத்துக் கிலோ குறைந்தால் முக்கால் குதிரைக்கு மேல் தேறும். இதைப் பரிந்துரைத்தபோது மாதிரிகளில் ஒருவரும் ஒத்துழைக்கவில்லை.

முதற்பொருள்

இதுவரை இத்துறையில் எவரும் சரியாகக் கவனியாதது நிலமும் பொழுதும்.

ஆடி மாதம். பாலக்காட்டுக் கணவாய் வழியே புகும் தென்மேற்குக் காற்று உடுமலை, தாராபுரம், பழனி என்று இந்தச் சமவெளி முழுவதையும் வாரிக்கொண்டு போகும். தாராபுரத்துப் பக்கம் காற்றாலைகள் நடப்பட்டதே அதனால்தான். தகவலாளி ஒருவர் பழைய சைலன்சரோடு பழனியிலிருந்து மேற்கே உடுமலைக்குப் போனார். வண்டி இழுக்கவே இல்லை. உடுமலையில் புதுச் சைலன்சர் மாட்டினார். திரும்பி வந்தார். ‘எங்கியோ போயிருச்சுங்ணா! நாலாவது கியர்ல சும்மா அள்ளுது!’ என்பது அவர் வாக்குமூலம்.

கணக்குப் பார்ப்போம். காற்றுத் தடை, வண்டி காற்றை எதிர்கொள்ளும் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். 60-இல் போகிறவருக்கு எதிரே 25-இல் காற்று அடித்தால் அவர் சந்திப்பது 85. தடை இரண்டு மடங்கு. அதே 60-இல் திரும்பும்போது காற்று முதுகில். அவர் சந்திப்பது வெறும் 35. தடை மூன்றில் ஒரு பங்கு. போனதற்கும் வந்ததற்கும் ஏறத்தாழ ஆறு மடங்கு வித்தியாசம். அம்மியையே பறக்கவைக்கும் என்று பெயர் வாங்கிய காற்று, ஒரு சைலன்சர் வியாபாரிக்கு நற்சான்று வாங்கிக் கொடுத்ததில் வியப்பில்லை. இதையும் கருதித்தான் உலக வேகச் சாதனை ஓட்டங்களில் ஒரு திசையில் ஓடியதை ஏற்பதில்லை. திரும்பியும் ஓடிச் சராசரி எடுத்தாக வேண்டும்.

இனி வெயில். சித்திரை மத்தியானத்தில் 38 டிகிரி. மார்கழி விடியலில் 20. இந்த இரண்டுக்கும் நடுவே காற்றின் அடர்த்தி ஏறத்தாழ 6 விழுக்காடு மாறுகிறது. என்ஜின் திறன் இதில் பாதியளவு மாறும் என்று அளவுத் திருத்தச் சூத்திரங்கள் கொள்கின்றன. அதாவது அரைக் குதிரை. ஃபில்டர்காரன் நாலாயிரம், ஐந்தாயிரம் வாங்கிக்கொண்டு தருவதாகச் சொல்லும் அதே அரைக் குதிரையை மார்கழி மாதம் இனாமாகத் தருகிறது. தம்பி அந்நேரம் எழுந்திருக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. மாறாக, பழனியிலிருந்து மலையேறிக் கொடைக்கானல் போனால் 2,100 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். பத்தாயிரம் செலவழித்த வண்டியானாலும் மூன்று குதிரையாவது அடிவாரத்திலேயே தங்கிவிடும்.

டாப் ஸ்பீடு ஆசைக்கும் இங்கேயே விடை உண்டு. வேகம் ஏற ஏற, அதற்கு வேண்டிய திறன் வேகத்தின் கன அளவில் ஏறுகிறது. 135-இல் நிற்கும் வண்டியை 145-க்குக் கொண்டுபோக 24 விழுக்காடு திறன் கூட வேண்டும், 18.4 குதிரை 22.8 ஆக வேண்டும். நாலரைக் குதிரையை எந்த ஃபில்டருக்குள்ளும் மடித்து வைக்க முடியாது. சட்டம் வேறு குறுக்கே நிற்கிறது. மத்திய அரசின் 2018 அறிவிக்கை மோட்டார் சைக்கிளுக்கு நால்வழிச் சாலையில் 80, மற்ற சாலைகளில் 60 கிலோமீட்டரைத்தான் உச்சமாக வகுத்தது. தம்பியின் வண்டி மூன்றாவது கியரிலேயே அதைத் தொட்டுவிடும். தைப்பூச நாட்களில் இரவெல்லாம் சாலையோரமாகப் பழனிக்கு நடந்து வருகிறவர்களை நினைத்தால் அந்த 60 கூட அதிகம். அந்த மாதத்தில் வண்டியின் தலையாய பெர்ஃபார்மன்ஸ் பாகம் பிரேக்.

மறுப்பும் விடையும்

‘அற்றேல், பணமில்லாதவன் வேகத்துக்கு ஆசைப்படவே கூடாதோ?’ எனின், அற்றன்று. நியூசிலாந்தின் இன்வர்கார்கிலைச் சேர்ந்த பர்ட் மன்ரோவைக் காண்க. 1920-ஆம் ஆண்டு இண்டியன் ஸ்கவுட் வண்டி ஒன்றை வாங்கி நாற்பது வருஷத்துக்கு மேல் நோண்டிக்கொண்டே இருந்தார். பிஸ்டனைக் கூடப் பழைய தகர டப்பாக்களில் தாமே வார்த்தார். 1967-இல் அமெரிக்காவின் பான்வில் உப்புப் பாலையில் அதை மணிக்கு 295 கிலோமீட்டருக்கு மேல் விரட்டிச் சாதனை படைத்தார். ஆகவே காசு இல்லாமலும் வேகம் கிட்டும். நாற்பது வருஷம் வேண்டும். தம்பிக்கு ஞாயிற்றுக்கிழமைக்குள் வேண்டுமாம்.

எனவே நடைமுறைக்கு வருவோம். பட்டறைக் கள ஆய்வில் கண்டது.

‘அண்ணா, பிக்கப்பே இல்லீங்ணா. பத்தாயிரம் வெச்சிருக்கேன். சைலன்சர் மாத்தலாமுங்களா?’

மெக்கானிக் பதில் பேசவில்லை. வண்டியை ஸ்டாண்டில் தூக்கி நிறுத்தி, செயினைக் கீழிருந்து ஒற்றை விரலால் ஏற்றினார். அது பாட்டுக்கு ஏறிக்கொண்டே போயிற்று. ‘தொட்டில் கயிறாட்டம் ஆடுது. எப்பத் தம்பி டைட் வெச்சே?’ தம்பி யோசித்தான். பின் சக்கரத்தைக் கையால் சுழற்றிவிட்டார். அரைச் சுற்றில் நின்றது. பேட் டிஸ்க்கை விடாமல் பிடித்திருந்தது. ஏர் ஃபில்டரை உருவித் தரையில் தட்டினார். செம்மண்ணும் சோளத்தட்டைத் தூசியும் கொட்டின. கூடவே ஒரு குளவிக்கூட்டின் மிச்சம். ஆயில் அளவுக் கண்ணாடியில் தெரிந்தது காப்பி டிகாஷன் நிறம். கடைசியாகக் காற்று மானியைப் பின் டயரில் வைத்தார். முப்பதுக்கு மேல் இருக்க வேண்டியது பதினெட்டு காட்டியது.

‘பங்க்ல காத்து ஓசிதானப்பா? அதுக்குமா மனசு வரல?’

செயின் கழுவி டைட் வைத்து, காலிப்பர் பின்னைச் சுத்தம் செய்து கிரீஸ் போட்டு, ஃபில்டரும் ஆயிலும் மாற்றிக் காற்றடித்துக் கொடுத்தார். இரண்டாயிரத்துச் சொச்சத்தில் முடிந்தது. தம்பி ஒரு ரவுண்டு போய்விட்டு வந்து, ‘ஈசியு ஏதாச்சும் பண்ணீங்களாங்ணா?’ என்றான்.

இதனால் பெறப்படுவது யாது? ஸ்டாக் வண்டி என்று நாம் பெயர் சொல்லி வைத்திருப்பது ஸ்டாக் வண்டியே அன்று. கம்பெனி கொடுத்த குதிரைகளில் சிலவற்றைப் பராமரிப்பின்றித் தொலைத்துவிட்ட வண்டி. அதை ஸ்டாக் நிலைக்கு உயர்த்துவதே முதல் அப்கிரேடு. பெரும்பாலோர்க்கு அதுவே போதுமான அப்கிரேடு.

மிச்சம் ஏழாயிரத்துச் சொச்சத்துக்கு டயர். தரையைத் தொடுவது உள்ளங்கை அகலம்தான்; முடுக்கம், திருப்பம், நிற்றல் மூன்றும் அந்த அகலத்தின் வழியாகவே நடந்தாக வேண்டும். தூர தேசத்துக்குப் போக வேண்டாம். மதுரைக்குப் பக்கத்தில் வெள்ளரிப்பட்டியிலேயே டிவிஎஸ் டயர் உருவாகிறது. 1946-இல் திருவொற்றியூரில் பொம்மைப் பலூன் செய்யத் தொடங்கிய எம்ஆர்எஃப் இன்று எங்கே நிற்கிறது என்று சொல்லத் தேவையில்லை. பின் டயரோடு நல்ல பிரேக் பேடும், இரண்டு வருஷமாக மாற்றாமல் ஈரம் குடித்துக் கிடக்கும் பிரேக் ஆயிலுக்குப் பதில் புதுசும் போட்டால், வண்டி வேகமாகப் போகிறதோ இல்லையோ, தம்பி துணிந்து முறுக்குவான். முறுக்கிய பிறகு நிற்கவும் செய்வான். அதற்கும் மேல் ஆசை அடங்காதவர் முன் ஸ்பிராக்கெட்டில் ஒரு பல்லைக் குறைத்துக்கொள்ளலாம். அதற்கும் 52-ஆம் பிரிவு பொருந்தக்கூடும் என்பதை மறக்க வேண்டாம். சைலன்சர் இப்பட்டியலில் இல்லை. அது உரிப்பொருளைச் சேர்ந்தது. உரிப்பொருளுக்கு மெக்கானிக்கிடம் மருந்து கிடையாது.

இம்முடிவுகளை மறுக்க விரும்பும் கீரனூர், பழனி, தாராபுரம் வட்டாரத் தம்பிகள் தாராளமாகத் தங்கள் அளவைகளை அனுப்பலாம். ஹெல்மெட் போட்டு, பங்காளியை இறக்கிவிட்டு, டயரில் காற்றுப் பார்த்து, போக ஒரு தடவை வர ஒரு தடவை எடுத்ததாக இருக்க வேண்டும். ஆடியில் எடுத்தது எதுவும் ஏற்றுக்கொள்ளப்பட மாட்டாது.